டார்கோவ்ல ரூபிள் கையில நிக்க மாட்டேங்குது: ஃப்ளீயா, டிரேடரா, ஹைட்அவுட்டா?

வடசேரி_வாசல் | 2024 செப்டம்பர் 7, இரவு 11.40

எஸ்கேப் ஃப்ரம் டார்கோவ்ங்கிற ஆன்லைன் துப்பாக்கிச் சண்டை கேம். ஆகஸ்ட் 22 ‘வைப்’ (எல்லாருக்க கணக்கையும் அழிச்சு முதல்ல இருந்து தொடங்க வைக்கிறது) முடிஞ்ச பிறகு லெவல் 17, ஃப்ளீ மார்க்கெட் (ஆடுறவங்க தங்களுக்குள்ள வாங்கி விக்கிற சந்தை) திறந்தாச்சு. கையிருப்பு 3 லட்சம் ரூபிள் (கேம் காசு). அதுக்கு மேல ஏறவே மாட்டேங்குது. லூட் வருது, வித்தா காசு வருது, அடுத்த நாலு ரெய்டுல (மேப்புக்குள்ள போய் சாமான் எடுத்துட்டு உயிரோட வெளிய வரப் பாக்கிற ஆட்டம்) கரைஞ்சு போகுது. எனக்க கணக்குக்கு ரெய்டைக் கொறச்சிட்டு, ஃப்ளீயில விலை எறங்கும்போ வாங்கி ஏறும்போ விக்கதுதான் வழின்னு தோணுது. எந்தச் சாமான்ல தொடங்கணும்? நாகர்கோவில் சுத்துவட்டாரத்துல வெளையாடுற அண்ணன்மாரு சொல்லுங்க.

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 8, காலை 7.15

அது நடக்காது மக்கா. ஃப்ளீயில வாங்கினதை ஃப்ளீயிலயே திருப்பி விக்க முடியாது. சாமான் மேல டிக் அடையாளம் இருந்தாத்தான் பட்டியல்ல போட விடும். ரெய்டுல நீயே எடுத்து உயிரோட வெளிய கொண்டு வந்தா டிக் நிக்கும். ஹைட்அவுட்ல (உனக்க மறைவிடம்) செஞ்சதுக்கும், அங்க உள்ள ஸ்கேவ் கேஸ்ல (காசு போட்டா ஏதாவது சாமான் வர்ற இடம்) வந்ததுக்கும், குவெஸ்ட் பரிசுக்கும் டிக் உண்டு. ஃப்ளீயில வாங்கினது, டிரேடர்ட்ட (கேமோட கடைக்காரர்) வாங்கினது, பார்ட்டர்ல சாமானுக்குச் சாமான் மாத்தினது, இன்சூரன்ஸ்ல திரும்பி வந்தது எதுக்கும் கிடையாது. செத்துட்டா பாதுகாப்புப் பெட்டிக்குள்ள இருக்கிற சாமான் உன்கூட வரும், டிக் வராது.

இன்னொண்ணு. உள்ள போய் கைக்குக் கெடச்சதை அள்ளிட்டு அஞ்சாவது நிமிஷம் வெளிய ஓடினா ‘ரன் த்ரூ’ன்னு எழுதி எல்லா டிக்கையும் எடுத்துரும். 7 நிமிஷம் உள்ள இருக்கணும், இல்லன்னா 200 அனுபவப் புள்ளி சேந்திருக்கணும். ரெண்டுல ஒண்ணு போதும். ஃபேக்டரி மாதிரி சின்ன மேப்ல இதைக் கவனி.

அதனால வாங்கி விக்கிற வியாபாரம்னா வழி ஒண்ணே ஒண்ணு: மூலப்பொருளை ஃப்ளீயில வாங்கு, ஹைட்அவுட்ல செய், வர்ற சாமானை டிக்கோட வில்லு. அதுக்கு முன்ன, காசு எங்க ஓட்டை வழியா போகுதுன்னு பாக்கணும்.

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 8, காலை 7.50

ஓட்டை இதுதான். ஒரு ரெய்டுக்கு நீ மாட்டிட்டுப் போற துப்பாக்கி, கவசம், தோட்டா, மருந்து எல்லாம் சேத்து 80,000 ரூபிள்னு வை. பத்துக்கு நாலு ரெய்டுல உயிரோட வாறன்னு வை. ஆறு தடவை போனது 4,80,000. அதை மிச்ச நாலு ரெய்டு சம்பாதிச்சுக் கொடுக்கணும். ஒவ்வொண்ணும் 1,20,000 கொண்டு வந்தாத்தான் கணக்கு பூஜ்யத்துக்கு வரும். அதுக்கு மேல வர்றதுதான் லாபம். அதே ஆளு 40,000 கியர்ல போனா 60,000 போதும். லூட் மாறல, ஆளு மாறல, ஆனா கையிருப்பு ஏறும்.

உனக்க கடைசி பத்து ரெய்டை ஒரு தாள்ல எழுது. கியர் செலவு, வெளிய வந்தியா, வித்து வந்த காசு. மூணு பத்தி போதும். இந்தத் தாள் இல்லாம எந்தச் சாமான் எங்க கிடைக்கும்னு கேட்டுப் பிரயோஜனம் இல்ல.

வடசேரி_வாசல் | செப்டம்பர் 8, மதியம் 1.05

கியர் கொறச்சா உயிரோட வர்ற எண்ணிக்கையும் கொறையும் இல்லியா அண்ணே?

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 8, மதியம் 1.30

கொறையும். ஆனா எல்லாத்தையும் ஒரே அளவுல கொறைக்கச் சொல்லல. தோட்டாவுல கை வைக்காத. உயிரைக் காப்பாத்துறது தோட்டாவும் மருந்தும். கொறைக்க வேண்டியது துப்பாக்கி மேல மாட்டுற அலங்காரம், பெரிய ரிக் (மார்ல மாட்டுற பை), விலை கூடின ஹெல்மெட். சைலன்சர், லேசர், ஸ்கோப்புன்னு மாட்டின ஒரு துப்பாக்கி, நல்ல தோட்டா போட்ட சாதாரணத் துப்பாக்கியை விட மூணு மடங்கு விலைக்கு வரும். ஆளை வீழ்த்துறதுல மூணு மடங்கு வித்தியாசம் கிடையாது.

பணம் இறங்குற நேரத்துல ஒரு பி.எம்.சி. ரெய்டு (உனக்க சொந்த ஆளு, சொந்த கியர்), ஒரு ஸ்கேவ் ரெய்டுன்னு (கேமே கியரோட தர்ற தற்காலிக ஆளு) மாத்தி மாத்திப் போ. ஸ்கேவ்க்கு கியர் செலவு பூஜ்யம். வெளிய கொண்டு வந்தா அதுக்கும் டிக் உண்டு. ஸ்கேவா போகும்போ மத்த ஸ்கேவைச் சுடாத. ஃபென்ஸ்ங்கிற டிரேடர் கிட்ட மதிப்பு எறங்கினா அடுத்த ஸ்கேவ் வர்ற காத்திருப்பு நீளும், கிடைக்கிற கியரும் மோசமாகும்.

மார்த்தாண்டம்_பாலம் | செப்டம்பர் 8, இரவு 9.20

எல்லாரும் எங்க எடுக்கணும்னுதான் பேசுவாவ, யாருக்கு விக்கணும்னு பேச மாட்டாவ. பாதிப் பணம் அங்க போகுது. ஒவ்வொரு சாமானுக்கும் கேம் உள்ள ஒரு அடிப்படை விலை உண்டு. அதுல டிரேடர் எத்தன சதவீதம் கொடுப்பாங்கிறது ஆளுக்கு ஆள் மாறும்:

தெரபிஸ்ட் 63, ராக்மேன் 62, யேகர் 60, மெக்கானிக் 56, பிராப்பர் 50, ஸ்கியர் 49, பீஸ்கீப்பர் 45 (அதுவும் டாலரா), ஃபென்ஸ் 40.

ஒவ்வொருத்தரும் எல்லாத்தையும் வாங்க மாட்டாவ. கவசம், ரிக், பை, உடுப்பு ராக்மேனுக்கு. மருந்து, நகை, வீட்டுச் சாமான் தெரபிஸ்டுக்கு. துப்பாக்கியும் உதிரியும் மெக்கானிக்குக்கு. ஒரே ஆள்ட்ட எல்லாத்தையும் தள்ளிட்டுப் போறது சுலபம்தான். ஸ்கியர் நெறைய வகை எடுப்பான். ஆனா கவசத்தை அவன்ட்ட போட்டா 62க்குப் பதிலா 49. லட்ச ரூபிள் அடிப்படை விலை உள்ள சாமான்ல 13,000 போச்சு. ஃபென்ஸ் கிட்ட விக்கிற பழக்கத்தை அடியோட விடு.

டிரேடருக்கு வித்த தொகையும் அவரோட லெவல் ஏற வேண்டிய வியாபாரக் கணக்குல சேரும். ராக்மேன் லெவல் ஏறாம நின்னா கவசத்தையெல்லாம் அவர்ட்டயே போடு. பீஸ்கீப்பர் கணக்கு மட்டும் டாலர்ல ஓடும். அவரை ஏத்தணும்னா தெரிஞ்சே கொஞ்சம் நஷ்டத்துக்கு விக்கணும். அது செலவு இல்ல, முதலீடு.

வடசேரி_வாசல் | செப்டம்பர் 8, இரவு 10.02

அப்ப ஃப்ளீயில எப்பப் போடணும், டிரேடருக்கு எப்பக் கொடுக்கணும்?

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 9, காலை 6.40

இதுக்கு ஃப்ளீ கட்டணம் எப்படி வேலை செய்யுதுன்னு தெரியணும். நீ கேக்கிற விலைக்கு மட்டும் கட்டணம் இல்ல. அடிப்படை விலையை விட எத்தன மடங்கு கேக்கிறியோ, அதுக்கேத்த மாதிரி சதவீதமே ஏறும்.

அடிப்படை விலை திரையில தெரியாது. ஆனா மார்த்தாண்டத்துக்காரர் போட்ட சதவீதத்தை வச்சுக் கண்டுபிடிக்கலாம். தெரபிஸ்ட் 6,300 கொடுக்கிறாளா? 0.63 ஆல வகுத்தா 10,000. அதுதான் அடிப்படை.

அந்த 10,000 சாமானை ஃப்ளீயில 10,000க்கே போட்டா கட்டணம் 600. 30,000க்குப் போட்டா சுமார் 1,830. 60,000க்கு சுமார் 5,280. ஒரு லட்சத்துக்கு 12,000 சொச்சம். ரெண்டு லட்சத்துக்கு ஏறக்குறைய 37,900. ஆறு சதவீதத்துல தொடங்கி பத்தொன்பதுக்குப் போகுது பாரு. கட்டணம் போடும்போதே எடுத்துருவான். விக்காம திரும்பி வந்தாலும், நீயே எடுத்துட்டாலும் திருப்பித் தர மாட்டான். அதனால ஆசைப்பட்டு விலை கூட்டிப் போட்டு, விக்காம, இறக்கி மறுபடி போடுறவன் ரெண்டு தடவை கட்டுறான்.

கீழ்ப் பக்கமும் பாரு. அதே சாமான் ஃப்ளீயில 7,000க்குத்தான் போகுதுன்னா, கட்டணம் 530 போக கையில 6,470. தெரபிஸ்ட்ட உடனே 6,300. அந்த 170க்காக பட்டியல்ல ஒரு இடத்தை அடைக்காத. ஃப்ளீயில ஒரே நேரத்துல எத்தன சாமான் போடலாம்ங்கிறதுக்கு அளவு உண்டு. தொடக்கத்துல அந்த இடம்தான் உன்ட்ட கொறச்சலா இருக்கிற சொத்து. வித்து வித்து மதிப்பு ஏறினா இடமும் கூடும்.

ஹைட்அவுட்ல இன்டெலிஜென்ஸ் சென்டர் மூணாவது லெவல் கட்டினா கட்டணத்துல 30 சதவீதம் கொறையும். மேல சொன்ன 12,000 சொச்சம் அப்ப 8,450.

மார்த்தாண்டம்_பாலம் | செப்டம்பர் 9, காலை 8.10

கொள்ளாம். இதோட ஒண்ணு சேத்துக்கோ: தோட்டா, போல்ட் மாதிரி பல எண்ணிக்கைச் சாமானைப் போடும்போ ‘மொத்தமா வாங்கணும்’ங்கிற பெட்டியை டிக் பண்ணாத. 60 தோட்டாவை ஒரே கட்டா எடுக்க ஆள் கிடைக்காம கிடக்கும், கட்டணம் மொத்த எண்ணிக்கைக்கும் போயிருக்கும். பிரிச்சு வாங்க விட்டா பத்து பத்தா போய்த் தீரும்.

வடசேரி_வாசல் | செப்டம்பர் 9, இரவு 11.15

சரி. இனி பையில என்னத்த எடுக்க, என்னத்த விட?

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 10, காலை 7.05

விலையைப் பாக்காத, பையில அடைக்கிற ஒரு கட்டத்துக்கு எவ்வளவுன்னு பாரு. கேஸ் அனலைசர் ரெண்டு கட்டம். 30,000க்குப் போனா கட்டத்துக்கு 15,000. ரோலர் வாட்ச் ஒரே கட்டம். கார் பேட்டரி கட்டத்தையும் தின்னும், எடையும் ஏத்தும். எடை ஏறினா ஓட முடியாது, ஓட முடியலன்னா வாசல் வரைக்கும் வந்து சேர மாட்ட. தங்கச் சங்கிலி, ஃப்ளாஷ் டிரைவ் எல்லாம் நேரே பாதுகாப்புப் பெட்டிக்கு. பை நெறஞ்சதும் கட்டத்துக்கு ஆகக் கொறஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு அடுத்ததை எடு. இந்தப் பழக்கம் வந்தா சின்னப் பையே போதும்.

செத்தவன் துப்பாக்கியை அப்படியே தூக்காத. ஸ்கோப், சைலன்சர், மேகசீன் மாதிரி கழட்ட வர்றதைக் கழட்டி எடு. பேரல் மாதிரி உயிர்ப் பாகங்கள் ரெய்டுக்குள்ள கழறாது. மடிக்கிற ஸ்டாக் இருந்தா மடி, கட்டம் கொறையும்.

இன்டர்சேஞ்ச் மேப் போறன்னா டெக்லைட், டெக்ஸோ, ராஸ்முசன் மூணு எலக்ட்ரானிக்ஸ் கடை. கிராஃபிக்ஸ் கார்டு அங்கதான். ஆனா அங்கதான் எல்லாரும் வருவாவ, கில்லாங்கிற பாஸ் எதிரியும் திரிவான். ஷோர்லைன் மேப்லயும் வுட்ஸ் மேப்லயும் மண்ணுக்குள்ள புதைச்ச பெட்டிகளை வரிசையா தொட்டுட்டு வெளிய வர்றது மெதுவான வழி, ஆனா சண்டை கொறவு. மேல சொன்ன பத்துக்கு நாலுங்கிற கணக்கை ஆறா மாத்துறது இந்த மாதிரிப் பாதைதான். ஆறுன்னா என்ன அர்த்தம் தெரியுமா? 80,000 கியர்லயும் போனது 3,20,000. அதை ஆறு ரெய்டு பங்கு போட்டா ஒண்ணுக்கு 53,000 சொச்சம் போதும். ஒன்றே கால் லட்சம் கிட்ட இருந்தது பாதிக்கும் கீழ வந்துட்டு.

ஆரல்_காத்தாடி | செப்டம்பர் 13, மாலை 6.30

ஓணத்துக்கு முந்தின நாள் தோவாளைச் சந்தையில் பிச்சிப் பூவுக்கு இருக்கும் விலை ஓணம் கழிந்த மறுநாள் இருக்காது. ஃப்ளீயும் அதே மாதிரிதான். எப்போது விற்கிறோம் என்பதற்கும் காசு உண்டு. வைப் முடிந்த முதல் வாரங்களில் தொடக்கக் குவெஸ்டுகளுக்கு வேண்டிய சாவிகள் நல்ல விலைக்குப் போகும். எல்லாரும் அந்தக் குவெஸ்டைத் தாண்டியதும் அதே சாவியை யாரும் சீந்த மாட்டார்கள். ‘விலை ஏறும், வைத்திருப்போம்’ என்று சாவியைப் பதுக்கக் கூடாது. கிடைத்த அன்றே விற்க வேண்டும்.

நாள் கணக்கிலும் ஏற்ற இறக்கம் உண்டு. நம் நேரத்துக்கும் மாஸ்கோவுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 8 என்றால் இங்கே 10.30. ரஷ்யாவும் ஐரோப்பாவும் விளையாட உட்காரும் அந்த நேரத்தில் மருந்தும் தோட்டாவும் பையும் வேகமாக விற்கும். வெள்ளி, சனி இரவுகளில் இன்னும் வேகம். வாங்குவதை நாம் எழுந்ததும், விடியற்காலையில் வைத்துக்கொண்டால் மலிவாகக் கிடைக்கும்.

குளச்சல்_கடலோடி | செப்டம்பர் 13, இரவு 8.45

விக்கிற நேரம் சொன்னது சரி. வாங்குற நேரத்துல சின்னத் திருத்தம் அண்ணாச்சி. நமக்கு காலை 6 மணின்னா நியூயார்க்ல முந்தின நாள் இரவு 8.30. அமெரிக்காக்காரன் அப்பத்தான் உக்காருவான். ஃப்ளீ எல்லாருக்கும் ஒண்ணுதான், அதனால விடிகாலையில கூட்டம் கொறையாது. நமக்கு மதியம் 12ன்னா நியூயார்க்ல ராத்திரி 2.30, மாஸ்கோவுல காலை 9.30, வேலை நாள்ல ரெண்டு பக்கமும் ஆள் கொறவு. வாங்குறதுன்னா செவ்வாய், புதன் மதியம் பாருங்க.

ஆரல்_காத்தாடி | செப்டம்பர் 13, இரவு 9.10

சரியான பேச்சு. அப்படியென்றால் கிராஃப்டுக்கு வேண்டிய மூலப்பொருளை வார நடுவில் மதியம் வாங்கி, செய்ததை வெள்ளி இரவு பட்டியலில் போடுவது நல்லது.

வடசேரி_வாசல் | செப்டம்பர் 22, இரவு 10.50

தாள் எழுதியாச்சு அண்ணே. துப்பாக்கி உதிரிதான் தின்னிருக்கு, நீங்க சொன்ன மாதிரியே. இப்ப 11 லட்சம் நிக்குது. ஹைட்அவுட்ல பிட்காயின் ஃபார்ம் (கிராஃபிக்ஸ் கார்டு போட்டா விக்கிறதுக்கு கேம் பிட்காயின் வர்ற இடம்) கட்டலாமா? 50 கார்டு போட்டா ஒண்ணும் செய்யண்டாம், காசு தானா வரும்னு ஒரு வீடியோவுல சொல்றான்.

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 23, காலை 6.55

ஃபார்மைக் கட்டு, 50 கார்டை மற. கணக்கு இப்படி.

ஒரே ஒரு கார்டு போட்டா ஒரு பிட்காயின் வர சுமார் 40 மணி நேரம். 10 கார்டுக்கு 29 மணி சொச்சம். 25க்கு 20 மணி சொச்சம். 50க்கு 13 மணி சொச்சம். முதல் லெவல்ல 10, ரெண்டாவதுல 25, மூணாவதுல 50 கார்டு வைக்க இடம்.

நாள் கணக்கா மாத்திப் பாரு. முதல் கார்டு மட்டும் ஒரு நாளைக்கு 0.6 பிட்காயின் தருது. 50 கார்டு சேத்தா 1.8. அப்ப மிச்ச 49 கார்டும் சேந்து கூட்டினது 1.2தான். ஒவ்வொரு கூடுதல் கார்டும் தன் பங்குக்கு ஒரு பிட்காயின் தர ஏறக்குறைய 41 நாள் ஆகும். கார்டு விலையை பிட்காயின் விலையால வகுத்து 41 ஆல பெருக்கு. அத்தன நாள்ல அந்தக் கார்டு முதலைத் திருப்பும். ரெண்டும் ஒரே விலைன்னா 41 நாள். கார்டு பாதி விலைன்னா 20 நாள். அடுத்த வைப்புக்கு அத்தன நாள் இருக்கான்னு பாத்துட்டு வாங்கு. வைப் தொடக்கத்துல ரெய்டுல கிடைச்ச முதல் கார்டை ஃபார்ம்ல போடு, அடுத்ததையெல்லாம் வில்லு.

பிட்காயினை ஃப்ளீயில போட முடியாது. தெரபிஸ்ட்ட கொடு. ஃபார்ம்ல மூணு பிட்காயினுக்கு மேல தங்காது, நெறஞ்சா நின்னுரும். 50 கார்டுன்னா 40 மணி நேரத்துக்கு ஒரு தடவை கண்டிப்பா வந்து எடுக்கணும்.

தக்கலை_ஸ்டாஷ் | செப்டம்பர் 23, மாலை 5.30

காலையில எழுதினதுல எரிபொருளைச் சேக்கல. அது இல்லாம கணக்கு முழுசாகாது. 100 அலகு உள்ள உலோக டேங்க் ஒண்ணு ஹைட்அவுட் ஜெனரேட்டரை சுமார் 21 மணி நேரம் ஓட்டும். 60 அலகு டேங்க் பன்னிரண்டரை மணி. ஒரே கார்டு வச்சு, வேற எந்த கிராஃப்டும் ஓடாம, ஃபார்முக்காக மட்டும் ஜெனரேட்டர் ஓட்டினா ஒரு பிட்காயினுக்கு ஏறக்குறைய ரெண்டு பெரிய டேங்க் போகும். ரெண்டு டேங்க் விலையைக் கழிச்சிட்டு மிச்சம் என்னன்னு பாரு. 10 கார்டு வச்சா அது ஒன்றரை டேங்க் கிட்ட ஆகும். வொர்க்பெஞ்ச், மெட்ஸ்டேஷன், லாவட்டரி மூணுலயும் கிராஃப்ட் ஓடிட்டே இருந்தா எரிபொருள் செலவு எல்லாத்துக்கும் பிரியும், அப்ப ஒத்தக் கார்டும் லாபம். சோலார் பவர் கட்டினா எரிபொருள் பாதி. அது கட்டுற செலவு பெருசு, 10 லட்சக்காரன் யோசிக்காண்டாம்.

ஃப்ளீ கட்டணத்துக்காக இன்டெலிஜென்ஸ் சென்டர் கட்டச் சொன்னேன் இல்லியா, உனக்கு இப்ப அதுதான் ஃபார்மை விட முந்தி. வாரத்துக்கு 20 லட்சம் ஃப்ளீயில விக்கிற ஆளு, சராசரி 8 சதவீதம் கட்டினா 1,60,000. அதுல 30 சதவீதம் 48,000 மிச்சம், கை அசைக்காம. ரெய்டு விடாம ஆடுறவனுக்கு சென்டர், ரெய்டு கொறச்சலா ஆடுறவனுக்கு ஃபார்ம்.

மார்த்தாண்டம்_பாலம் | செப்டம்பர் 23, இரவு 9.40

ஸ்கேவ் கேஸையும் சொல்லிருங்க. உள்ள போட அஞ்சு வகை: 2,500 ரூபிள், 15,000 ரூபிள், 95,000 ரூபிள், ஒரு மூன்ஷைன் (சாராயம்) பாட்டில், ஒரு இன்டெலிஜென்ஸ் ஃபோல்டர். வர்றதுக்கெல்லாம் டிக் உண்டு. 95,000 போட்டு 40,000 சாமான் வந்தா நெஞ்சு தாங்கணும். 20 லட்சத்துக்குக் கீழ உள்ளவன் அதைத் தொடண்டாம். 2,500ம் 15,000மும் ரெய்டுக்குப் போகும்போ போட்டுட்டுப் போலாம்.

மூன்ஷைனைக் காசு கொடுத்து வாங்காம செய்யலாம். வாட்டர் கலெக்டர்ல ஃபில்டர் போட்டா சுத்தத் தண்ணி கேன் வரும். பூஸ் ஜெனரேட்டர்ல ஒரு கேன் தண்ணியும் ரெண்டு பாக்கெட் சீனியும். ஆனா முதல்ல ஃப்ளீயில மூன்ஷைன் என்ன விலைன்னு பாரு. பாட்டிலா வித்தாலே நல்ல காசுன்னா கேஸ்ல போட்டுச் சூதாட எதுக்கு?

வடசேரி_வாசல் | செப்டம்பர் 24, காலை 12.20

இன்சூரன்ஸ் போடணுமா? யார்ட்ட?

மார்த்தாண்டம்_பாலம் | செப்டம்பர் 24, காலை 7.30

பிராப்பர்ட்ட மலிவு, தாமதமா வரும். தெரபிஸ்ட்ட கூடுதல், சீக்கிரம் வரும். பணத்துக்குன்னா பிராப்பர் போதும். ஹெல்மெட், மலிவுக் கவசம், அழகில்லாத துப்பாக்கிக்குப் போடு. அதை எவனும் தூக்கிட்டுப் போக மாட்டான், திரும்பி வரும். விலை கூடினதை உன்னைக் கொன்னவன் எடுத்துட்டு வெளிய போயிருவான், அப்ப வராது. லேப்ஸ் மேப்புக்கு இன்சூரன்ஸ் போட்டா வீண், அங்க இருந்து எதுவும் திரும்பாது.

செத்தவன் கவசம் உன்னோடதை விட நல்லா இருந்தா அதை மாட்டிக்கோ, இன்சூரன்ஸ் போட்ட உன் பழையதை புதருக்குள்ள எறி. உனக்க பழசு தபால்ல வரும், புதுசு கையில.

குளச்சல்_கடலோடி | அக்டோபர் 19, இரவு 7.15

மழை தொடங்கியாச்சு. கரண்ட் பாதி ரெய்டுல போகும், அதைப் பத்தியும் பேசணும். நெட் போனாலும் சிஸ்டம் அணைஞ்சாலும் நம்ம ஆளு ரெய்டுக்குள்ள அப்படியே நிப்பான். திரும்ப உள்ள வர்ற பொத்தான் வரும், ஆனா அதுக்குள்ள எவன் கண்ணுலயும் படாம இருக்கணும். அதனால மழை நாள்ல பெரிய கியர் வேண்டாம், ஸ்கேவ் ஓட்டுங்க. பி.எம்.சி. போனா விலை உள்ள சின்னச் சாமானை எடுத்த உடனே பாதுகாப்புப் பெட்டிக்குள்ள போட்டுருங்க. செத்தா டிக் போகும், ஆனாலும் தெரபிஸ்ட் 63 சதவீதத்துக்கு எடுப்பா.

ஃபைபர் மோடத்துக்குத் தனியா ஒரு சின்ன யூ.பி.எஸ். வாங்கிப் போடுங்க. மோடம் அடாப்டர் மேல எத்தன வோல்ட், எத்தன ஆம்பியர்னு அச்சடிச்சிருக்கும், பெரும்பாலும் 12 வோல்ட். யூ.பி.எஸ். அதே வோல்ட் தரணும், ஆம்பியர் அதுக்குக் கொறையக் கூடாது, பின் அளவும் பாக்கணும். டெஸ்க்டாப்புக்கு 600 வி.ஏ. யூ.பி.எஸ். போட்டிருக்கிறவங்க ஒண்ணு கவனிங்க: அதுல பொதுவா 360 வாட்தான். நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள சிஸ்டம் கேம் ஓடும்போ அதைத் தாண்டிட்டா, கரண்ட் போன அந்த நொடியே யூ.பி.எஸ்ஸும் சேந்து அணைஞ்சிரும். கார்டோட வாட் வரம்பைக் கொறச்சு வச்சு, ஃப்ரேம் எண்ணிக்கையை 60க்குக் கட்டினா சமாளிக்கும். கிடைக்கிற சில நிமிஷத்துல சண்டை போடாம ஒரு மூலையில ஆளை ஒளிச்சு வைங்க.

ஆரல்_காத்தாடி | நவம்பர் 3, காலை 10.20

நேற்று இங்கே ஒருவர் ‘ரூபிள் விற்பனைக்கு, ஜிபே செய்தால் போதும்’ என்று போட்டிருந்த பதிவை நீக்கியாகிவிட்டது. புதியவர்களுக்காக எழுதுகிறேன். நிஜப் பணத்துக்கு ரூபிள் வாங்குவதும் விற்பதும் கேமை உருவாக்கிய பேட்டில்ஸ்டேட் கேம்ஸ் விதிப்படி தடை. வாங்கியவர் கணக்கும் முடங்கும். விற்பவர் கைமாற்றும் வழிகள் இரண்டு: ரெய்டுக்குள் வந்து சாமானைக் கீழே போடுவது, அல்லது உங்கள் ஒன்றுக்கும் உதவாத சாமானைப் பெரிய விலைக்கு ஃப்ளீயில் வாங்குவது. இரண்டும் பதிவாகும். அவர்களுக்கு அந்த ரூபிள் பெரும்பாலும் ஏமாற்று மென்பொருள் ஓட்டிக் கிடைத்தது; நம்மைச் சுவர் தாண்டிச் சுட்டவனிடமே போய்க் காசு கொடுக்கிறோம்.

பணம் அனுப்புகிறேன், ‘ஏற்றுக்கொள்ள’ யு.பி.ஐ. பின் போடுங்கள் என்று யாராவது கேட்டால் உடனே நிறுத்துங்கள். பணம் பெறுவதற்குப் பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் உங்களிடமிருந்துதான் போகும்.

வடசேரி_வாசல் | நவம்பர் 10, இரவு 11.05

தோராயமா 34 லட்சம். சென்டர் மூணாவது லெவலுக்குச் சாமான் சேத்துட்டு இருக்கேன். ஒரு சந்தேகம்: பி.வி.இ. (மத்த ஆளுங்களுக்குப் பதிலா கம்ப்யூட்டரோட மோதுற முறை) பக்கம் சம்பாதிச்சு இங்க கொண்டு வரலாமா? அங்க சாகுறது கொறவு.

தக்கலை_ஸ்டாஷ் | நவம்பர் 11, காலை 7.20

முடியாது. பி.வி.இ. ஸ்டாஷ் (சாமான் இருப்பு), பணம், லெவல் எல்லாம் தனி. அங்க மேப் பழகலாம், மண்ணுக்குள்ள இருக்கிற பெட்டிகள் எங்கன்னு மனப்பாடம் பண்ணலாம், அது இங்க உதவும்.

34 லட்சம் ஆயாச்சுல்லா, இப்ப கியர் அளவை ஏத்து. 40,000ல நிக்காண்டாம். கையிருப்புல ரெண்டு சதவீதத்தை ஒரு ரெய்டுக்கு மேல்வரம்பா வை: 34 லட்சத்துக்கு 68,000. 20 லட்சத்துக்கு எறங்கினா 40,000. தொடர்ந்து பத்து ரெய்டு செத்தாலும் அஞ்சுல ஒரு பங்குக்கு மேல போகாது. துப்பாக்கியை வாங்குறதுக்கு முந்தி இந்த எண்ணைப் போட்டு வச்சுட்டு அதுக்குள்ள கட்டு.

வடசேரி_வாசல் | நவம்பர் 11, காலை 7.45

அந்த 68,000ல தோட்டாவும் சேர்த்தியா, தனியா?

தக்கலை_ஸ்டாஷ் | நவம்பர் 11, காலை 7.50

சேர்த்துத்தான். முதல்ல தோட்டாவுக்கு எடுத்து வை, அடுத்து மருந்துக்கு, மிச்சத்துல துப்பாக்கியும் கவசமும்.